பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, கல்கியில் அடுத்து எதை வாசிப்பது?

வந்த கேள்வி இது: "பொன்னியின் செல்வன் படம் இரண்டு பாகமும் பார்த்தேன். அப்புறம் புத்தகத்தையும் ஐந்து பாகம் வாசித்து முடித்துவிட்டேன். கல்கி வேறு என்ன எழுதியிருக்கிறார்? எந்த வரிசையில் வாசிக்கலாம்? அவர் சரித்திரக் கதைக்காரர் மட்டும்தானா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. கல்கி தொழிலால் பத்திரிகை ஆசிரியர். அவருடைய முதல் பெரிய சரித்திரக் கதை வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது 42. அதற்கு முன்பே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த எழுத்தாளர் அவர். நகைச்சுவைக் கட்டுரை, சங்கீத விமரிசனம், தலையங்கம், சிறுகதை, சமூகத் தொடர்கதை என்று எல்லாவற்றையும் எழுதித் தள்ளியிருந்தார். இன்று சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த அரங்கில் நுழைந்தாலும் பொன்னியின் செல்வன் அடுக்கிவைத்திருக்கிறது. அதனால் மற்ற கல்கி மறைந்துபோய்விட்டார். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. வாராவாரம் பத்திரிகை நடத்திய மனிதர் எழுதிய கதைகள் இவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால்தான் அவருடைய பலமும் புரியும், பலவீனமும் புரியும்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்கி என்ற புனைபெயர் கொண்ட ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ஆம் தேதி மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலம் கிராமத்தில் பிறந்தார். திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு, இறுதித் தேர்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கும்போது 1921-ல் படிப்பை விட்டார். அடுத்த வருஷமே பிரசங்கம் செய்ததற்காக ஒரு வருஷம் சிறை. வெளியே வந்ததும் 1923-ல் சென்னையில் திரு.வி.க. நடத்திய நவசக்தியில் துணையாசிரியர். நல்ல தமிழ் உரைநடையை அங்கேதான் பழகினார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமம். ராஜாஜியோடு சேர்ந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 'விமோசனம்' என்ற பத்திரிகை. குடிக்காதே என்று சொல்வதற்கு ஒரு பத்திரிகை, அதிலும் சுவையாகக் கதை எழுத வேண்டும் என்றால் எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பிரசாரத்தையும் படிக்கும்படி எழுத வேண்டும் என்ற பயிற்சி அவருக்கு அங்கே கிடைத்தது என்பது என் எண்ணம்.

1930-களின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.வாசனின் ஆனந்த விகடனுக்கு வந்தார். இங்கேதான் 'கல்கி' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. ஒரே இதழில் பல பெயர்களில் எழுதுவார். 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைப் படித்துவிட்டுத்தான் பலர் கச்சேரிக்கே போனார்கள். சபாவில் வித்வான் என்ன பாடினார் என்பதோடு, பாடும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதையும் எழுதுவார். தமிழில் சங்கீத விமரிசனத்தை சாதாரண வாசகர் விரும்பிப் படிக்கும் விஷயமாக்கியவர் அவர். பின்னாளில், கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கத்துக்காகப் பேனாவைத் தூக்கியபோது அந்தப் பழைய வாசகர்கள் அவர் பின்னால் நின்றார்கள்.

விகடனில் 1937-ல் வந்த 'கள்வனின் காதலி'யிலிருந்து நீங்கள் அடுத்த வாசிப்பைத் தொடங்கலாம். கொள்ளிடக்கரைக் காடு, அங்கே ஒளிந்திருக்கும் திருடன் முத்தையன், அவனைக் காதலிக்கும் கல்யாணி. சிறிய நாவல். இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நாவல் முழுக்க அந்த ஆற்றங்கரையின் நாணலும் மணலும் இருக்கின்றன. தான் பிறந்து வளர்ந்த பகுதியை எழுதுகிறார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். முத்தையன் ஏன் திருடனானான் என்ற கேள்வியை அவர் விடவே மாட்டார். அவனைத் துரத்தும் போலீஸ்காரரும் மனசாட்சி உள்ள மனிதர். வில்லன் என்று ஒருவரைக் காட்டிக் கைகழுவாமல் எழுதிய அபூர்வமான கல்கி நாவல் இது.

அதற்கு அடுத்தது 'தியாக பூமி'. இதன் கதையைவிட இது வந்த விதம் சுவாரசியமானது. கே.சுப்ரமணியம் இயக்கிய படமும் விகடன் தொடர்கதையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடந்தன. வழக்கமான ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே தொடர்கதையோடு அச்சிட்டார்கள். சம்பு சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன். 1939-ல் படம் வெளிவந்தது. பிறகு பிரிட்டிஷ் அரசு அதற்குத் தடை போட்டது. காந்தியத்துக்காகத்தான் தடை. ஆனால் இன்று வாசிக்கும்போது என்னை நிமிர்ந்து உட்காரவைப்பது நீதிமன்றக் காட்சி. புருஷனால் விரட்டப்பட்ட சாவித்திரி பின்னால் பெரும் பணக்காரியாகி, உமாராணி என்ற பெயரில் வாழ்கிறாள். அந்தப் புருஷன் திரும்பி வந்து, என்னோடு வந்து வாழ வேண்டும் என்று வழக்குப் போடுகிறான். அவனுக்கு ஜீவனாம்சம் வேண்டுமானால் கொடுக்கிறேன், கூட வந்து வாழ மாட்டேன் என்கிறாள் அவள். 1939-ல் இது! முடிவை அவர் மென்மையாக்கிவிட்டார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை நியாயம்தான். இருந்தாலும் லட்சக்கணக்கான குடும்பங்களில் மாமியாரும் மருமகளும் ஒரே பிரதியைப் படித்த காலத்தில் அந்த ஒரு வசனத்துக்கு இருந்த கனம் வேறு.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். 1941-ல் கல்கி தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். அதையொட்டி விகடனிலிருந்து விலகினார். நண்பர் டி.சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை தொடங்க முடிவு செய்தார். முதலுக்குப் பணம் வேண்டும். சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேஷம் கட்டி, அந்தச் சம்பளத்தைக் கொடுத்தார். இப்படித்தான் 1941 ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகை பிறந்தது. நான்கே வருஷத்தில் கல்கி அந்தக் கடனைப் பாட்டாகவே திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது: 'மீரா' படத்தில் எம்.எஸ். பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது.

புதுப் பத்திரிகைக்கு வாசகரைப் பிடித்து உட்காரவைக்க ஒரு தொடர்கதை வேண்டும். அதற்காக வந்ததுதான் 'பார்த்திபன் கனவு'. சரித்திர நாவல் என்ற வகையைப் பெரிய அளவில் தமிழ் வார வாசகரிடம் கொண்டுசேர்த்தது இதுவே. உறையூர்ப் பக்கம் காவேரியில் தோணித்துறை, ஓடக்காரன் பொன்னன், அவன் மனைவி வள்ளி என்று ராஜாக்களை விட்டுவிட்டுப் படகுக்காரர் குடிசையில் தொடங்குகிறார். அடுத்து 1944 முதல் 1946 வரை 'சிவகாமியின் சபதம்'. மாமல்லபுரம் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஓர் இரவில் இந்தக் கதையின் விதை விழுந்ததாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

இங்கே வரிசை பற்றி ஒரு யோசனை. எழுதிய காலப்படி பார்த்திபன் கனவு முந்தியது. கதை நடக்கும் காலப்படி சிவகாமியின் சபதம் முந்தியது. 'சபதம்' நாவலில் இளவரசனாக வரும் நரசிம்மவர்மர், 'கனவு' நாவலில் வயது முதிர்ந்த சக்கரவர்த்தி. பலர் சபதத்தை முதலில் படிக்கச் சொல்வார்கள். நான் கனவை முதலில் படிக்கச் சொல்வேன். காரணம், கனவின் முக்கிய ரகசியம் ஒன்று சபதத்தைப் படித்தவர்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். தவிரவும், சபதம் கனத்த நாவல். கனவின் லேசான ஓட்டம் அதற்குப் பிறகு சப்பென்று தெரியும்.

சபதத்தில் கல்கி செய்த நல்ல காரியம், போரை ஒரு கலைஞனின் வீட்டிலிருந்து பார்த்தது. ஆயனச் சிற்பிக்கு அஜந்தா ஓவியத்தின் அழியாத வர்ண ரகசியம் தெரிந்தாக வேண்டும். வாதாபிப் படை வந்துகொண்டிருக்கிறது, நாடு பற்றி எரியப் போகிறது, அவருக்கு அந்த வர்ணம்தான் கவலை. அந்த வெறி மகள் சிவகாமியின் வாழ்க்கையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது நாவல். மகேந்திரவர்மர் மாறுவேடத்தில் திரிவது, நாகநந்தி பிக்ஷுவின் மர்மம் எல்லாம் வேகத்துக்காக. கல்கியின் பெண் பாத்திரங்களில் நந்தினியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு சிவகாமிதான். தன் சபதமே தன்னைக் கட்டிப்போட, அந்தக் கட்டுக்குள் வருஷக்கணக்கில் காத்திருப்பவள். முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கடைசி அத்தியாயத்தைப் பேருந்தில் படிக்காதீர்கள்.

பொன்னியின் செல்வனை நீங்கள் படித்துவிட்டீர்கள். ஆனாலும் அதில் ஒரே ஒரு இடத்தைப் பத்திரிகை ஆசிரியரின் கண்ணோடு திரும்பப் பார்க்கலாம். முதல் அத்தியாயத்தில் ஒரு விநாடிக்கு ஒரு நூற்றாண்டு வீதம் வாசகரைப் பின்னால் கூட்டிப்போய், ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் இறக்கிவிடுகிறார். அங்கே பெரிய பழுவேட்டரையரின் பரிவாரம் போகிறது. கூடவே ஒரு மூடுபல்லக்கு. உள்ளே யார்? பழுவேட்டரையரின் இளையராணி என்று ஊர் நினைக்கிறது. ஆழ்வார்க்கடியான் அவளிடம் ஒரு ஓலை கொடுக்க வேண்டும் என்று தவிக்கிறான். அந்தத் திரை ஒரு கணம் விலகி, பெண் முகம் என்று தோன்றும் ஒரு முகத்தைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. வாரம் முடிகிறது. அதே பல்லக்கு கடம்பூர் மாளிகைக்குப் போகிறது. வந்தியத்தேவனும் அங்கே போகிறான். நடுநிசியில் மதிலோரம் ஒளிந்து சதிக்கூட்டத்தைப் பார்க்கிறான். அப்போது திரை மறுபடியும் விலகுகிறது. இறங்குவது ராணி இல்லை, மதுராந்தகத் தேவர். ஒரு பொருளை வைத்துக்கொண்டு வாசகரை வாரக்கணக்கில் இழுத்து, எதிர்பார்த்த பதிலுக்குப் பதில் ஒரு ராஜ்யத்தின் வாரிசுச் சண்டையையே வெளியே எடுக்கிறார். அதோடு விட்டாரா? பின்னால் தஞ்சாவூர்ச் சாலையில் வந்தியத்தேவன் மறுபடியும் ஒரு மூடுபல்லக்கில் மோதுகிறான். அந்தத் தடவை நிஜமாகவே நந்தினி. ஏமாந்த வாசகர் இன்னொரு தடவை ஏமாறத் தயாராக இருக்கும்போது உண்மையை நீட்டுகிறார். இதைப் புத்தகமாக ஒரே மூச்சில் படித்தால் அந்த இடைவெளி தெரியாது. வாரம் ஒருமுறை காத்திருந்து படித்தவர்களின் தவிப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எழுதப்பட்ட அத்தியாயங்கள் அவை.

1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை மூன்றரை வருஷம் இப்படி ஓட்டினார். ஓவியர் மணியம் கல்கியோடு இலங்கைக்கும் மற்ற இடங்களுக்கும் போய்ப் பார்த்து வந்து வரைந்தார். அவர் போட்ட குந்தவையின் கொண்டைதான் இன்றுவரை எல்லோர் மனதிலும் குந்தவை. அந்தக் காலத்தில் பத்திரிகையின் விற்பனை 70,000 பிரதியைத் தாண்டியது. ஒரு பிரதியை ஒரு தெருவே படித்த காலம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைப்பது மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் பல வீடுகளில் வழக்கம். அந்த வால்யூம்கள் எங்காவது கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அத்தியாயம் முடியும் இடத்தில் பாதி துணுக்கும், தலைவலித் தைல விளம்பரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்கி எந்தச் சந்தையின் நடுவில் உட்கார்ந்து எழுதினார் என்று அந்தப் பக்கங்களே காட்டும்.

சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில் கல்வெட்டு, கொலைக்காரர்களாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயரைச் சொல்கிறது. வல்லவரையர் வந்தியதேவர் குந்தவையின் கணவர் என்பது தஞ்சைக் கல்வெட்டில் உள்ளது. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கல்கி பெற்ற பிள்ளைகள். நீலகண்ட சாஸ்திரி, சதாசிவப் பண்டாரத்தார் போன்றவர்களின் ஆராய்ச்சியை வைத்துக்கொண்டு, அவர்கள் விட்ட இடைவெளியில் கதையை நிறுத்தினார். கொலை செய்தவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, ஏன் செய்தார்கள் என்பது இல்லை. அந்த "ஏன்" அவருக்கு 2,000 பக்கத்துக்குமேல் போதுமானதாக இருந்தது.

பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்கிக்கு உருவ ஒற்றுமை என்றால் விடவே முடியாது. நாகநந்திக்கும் புலிகேசிக்கும் ஒரே முகம், நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் ஒரே முகம், அலை ஓசையில் சீதாவுக்கும் தாரிணிக்கும் முகச்சாயல். ஒட்டுக்கேட்பதற்கு வசதியாக எப்போதும் ஒரு மரம், ஒரு மண்டபம், ஒரு பாழடைந்த சுவர் தயாராக இருக்கும். பொன்னியின் செல்வனின் நான்காம் பாகத்தில் கதை நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்பதும் என் அபிப்பிராயம். வாரந்தோறும் அச்சுக்குப் போயே ஆக வேண்டிய எழுத்துக்கு இதெல்லாம் வரும். 'மணிக்கொடி' என்ற இலக்கியப் பத்திரிகையின் வழி வந்த எழுத்தாளர்கள் அவரை ஜனரஞ்சகம் என்று ஒதுக்கியதற்கு இவையும் காரணம். அவர்கள் எழுதிய சிறுகதைகளின் உயரத்தைக் கல்கி தொடவில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் அந்தச் சிறுகதைகளைப் பின்னால் தேடிப் படித்த வாசகர்களில் எத்தனை பேர் கல்கியைப் படித்துப் படிப்புப் பழக்கம் பெற்றவர்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் உண்மையில் உங்களைக் கொண்டுவர விரும்பிய இடம்: 'அலை ஓசை'. 1948-49-ல் வந்த தொடர். தன் நூல்களில் ஒன்று நீண்டகாலம் நிலைத்து நிற்கும் தகுதி உடையதென்றால் அது இதுதான் என்று கல்கியே கருதினார். அவர் மறைந்தபிறகு 1956-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதும் இதுவே. ஆனால் புத்தகக் காட்சியில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

ராஜம்பேட்டை என்ற சின்ன ஊரின் தபால் சாவடியில் கதை ஆரம்பிக்கிறது. பையைப் பிரிப்பது, முத்திரை குத்துவது, யாருக்கு என்ன கடிதம் என்று ஊர் மொத்தமும் அறிந்துகொள்ளத் துடிப்பது என்று அந்தச் சின்ன அறையை அவர் காட்டும் விதத்தில் அவருடைய நகைச்சுவை முழு வீச்சில் இருக்கிறது. அங்கே வந்து சேரும் கடிதங்கள்தான் கதையைக் கிளப்புகின்றன. 1934 பீகார் பூகம்பம் தொடங்கி, உலகப்போர், ஆகஸ்ட் போராட்டம், பிரிவினைக் கலவரம், காந்தி கொலை வரை நாவல் போகிறது. பாகங்களின் பெயரே பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம். லலிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சௌந்தரராகவன் சீதாவைப் பார்த்து மனம் மாறும் ஒரு சாதாரணக் கல்யாணக் கதையாகத் தொடங்கி, டில்லிக்கும் லாகூர்ப் பக்கத்து அகதிக் கூட்டத்துக்கும் போய்விடுகிறது. பிரிவினை நடந்து ஓரிரு வருஷத்தில், அந்தப் புண் ஆறுமுன் தமிழில் எழுதப்பட்ட நாவல் இது. தெற்கே இருந்த நமக்கு பிரிவினை என்பது செய்தித்தாள் விஷயம். அதை ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்க்கைக்குள் கொண்டுவந்து வைத்தவர் கல்கி. கடத்தல், ஆள்மாறாட்டம் என்று நடுவில் சினிமாத்தனம் நிறைய வரும். பொறுத்துக்கொண்டு போங்கள். சீதாவும் ராகவனும் டில்லியில் நடத்தும் குடித்தனம், அதிலே நுழையும் சந்தேகம், அடிமேல் அடியாக அவள் இழக்கும் தன்மானம் ஆகியவற்றைப் பத்திரிகைத் தொடர் எழுதிய வேறு யாரும் அந்தக் காலத்தில் இவ்வளவு பொறுமையாக எழுதவில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

சின்னவை வேண்டுமென்றால் 'சோலைமலை இளவரசி', 'மோகினித் தீவு', 'பொய்மான் கரடு' மூன்றில் ஒவ்வொன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். 'பொய்மான் கரடு' சேலம் பக்கத்தில் உள்ள ஒரு குன்றை வைத்து எழுதியது. தூரத்தில் மான் நிற்பதுபோலத் தெரியும், கிட்டப் போனால் இருக்காது. சிறுகதைகளில் 'வீணை பவானி', 'கேதாரியின் தாயார்' இரண்டும் போதும், ரசித்தால் மற்றவற்றுக்குப் போகலாம்.

கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் தேதி சென்னையில் காலமானார். பொன்னியின் செல்வன் முடிந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அப்போது எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' நின்றுபோனது. மகள் ஆனந்தி அதை முடித்துக் கொடுத்தார். கீழ்ப்பாக்கத்திலிருந்து வெளிவந்துகொண்டிருந்த பத்திரிகை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. பொன்னியின் செல்வனை அதே பத்திரிகை திரும்பத் திரும்பத் தொடராக வெளியிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு தலைமுறை அதைப் படித்தது.

எந்தப் பதிப்பு வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் தமிழக அரசு கல்கியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம்; அச்சிடுகிறார்கள். மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும், சிலவற்றில் முன்னுரையையும் முடிவுரையையும் காணோம். பொன்னியின் செல்வனுக்குக் கல்கி எழுதிய முடிவுரை முக்கியம். தொடர் முடிந்ததும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லும் இடம் அது. உங்கள் பிரதியில் இல்லையென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. அலை ஓசையும் அங்கேயே கிடைக்கும். கடையில் வாங்குவதாக இருந்தால் கடைசிப் பக்கங்களையும் மணியத்தின் படங்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டு, நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தைப் பிரித்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். அந்த ஒரு பக்கத்தில் நாலு பிழை இருந்தால் வைத்துவிட்டு அடுத்த அரங்குக்குப் போய்விடலாம்.